வெள்ளைக் காருக்குச் சிவப்புப் பூ

பரளச்சிக்குப் பக்கத்தில் கண்மாய்க் கரை அய்யனார் முன்னால் இரண்டு இலைப் பொட்டலங்கள் கிடந்தன. பூவரச இலையில் மடித்து வாழைநாரால் கட்டியவை. ஒன்றில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெள்ளை வந்தால் காரை விற்றுவிடலாம். சிவப்பு வந்தால் விற்கக் கூடாது.

அப்படித்தான் பூசாரி வேளார் நினைத்துக்கொண்டிருந்தார். உண்மையில் இரண்டிலும் சிவப்பு அரளிதான் இருந்தது. கட்டியவன் நான்.

"நீங்களே எடுங்கம்மா," என்றார் வேளார், என் மனைவியிடம்.

சௌந்தரம் சிரமப்பட்டுக் குனிந்தாள். அவளுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கையை இடப்பக்கப் பொட்டலத்துக்கு மேலே கொண்டுபோனாள். பிறகு வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம். சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட அவள் அவ்வளவு யோசித்ததில்லை. எனக்கு வேர்த்தது. எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தெரிந்தவனுக்கு ஏன் வேர்க்க வேண்டும் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஒருவழியாக எடுத்தாள். வேளார் பிரித்தார். சிவப்பு.

"அய்யா வேணாங்குறாரு. வண்டி வீட்டோட கெடக்கட்டும்," என்று சொல்லித் திருநீறு கொடுத்தார்.

சௌந்தரம் அதைப் பூசிக்கொண்டாள். முழங்காலில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். மிச்சமிருந்த பொட்டலத்தை யாராவது பிரித்துவிடுவதற்குள் எடுத்து என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்தத் தொடரில் இதுவரை என் படிப்பு, உத்தியோகம், மாணவர்கள் என்று ஒரு யோக்கியனின் தோரணையில் எழுதிவந்தேன். போன வாரத்து அத்தியாயத்தை வாசித்து முடித்த சௌந்தரம், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாள். "எல்லாஞ் சரி. பூ கட்டுன கதைய எப்ப எழுதப் போறீக?"

ஆகவே இந்த வாரம் அதுதான்.

துண்டு விரித்த சீட்டு

எங்கள் பக்கத்தில் ஒரு காரியத்தைச் செய்வதா வேண்டாமா என்று முடிவு கட்ட முடியாதபோது சாமி முன்னால் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பார்கள். பெண் எடுப்பது, கிணறு வெட்டுவது, நிலத்தை விற்பது எல்லாம் அப்படி முடிவானதுண்டு. கார் விற்பதற்குக் கேட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அது வெள்ளை அம்பாசடர். எம்.ரெட்டியபட்டியில் பெரிய வீட்டுக்காரருடைய கார். அந்த வீட்டுப் பருத்திக் காட்டில்தான் என் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் பருத்தி எடுத்தார்கள். கார் ஊருக்குள் வந்தால் கரிசல் புழுதி எழும்பும். நாங்கள் பின்னாலேயே ஓடிப்போய் அந்தப் புழுதியை வாயில் வாங்குவோம். அப்பாவை அந்தக் காரைக் கழுவக் கூப்பிடுவார்கள். கழுவலாம், ஏறக் கூடாது. அதுதான் நடைமுறை.

பிறகு நான் படித்தேன். அருப்புக்கோட்டையில் கல்லூரி ஆசிரியரானேன். இயற்பியல். அந்தக் காலத்தில் ஒருநாள் ஊருக்குப் போனபோது பெரிய வீட்டு மாட்டுத் தொழுவத்தில் அந்தக் கார் நின்றது. முன்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பேரன்மாருக்கு அதன்மேல் கவனமில்லை. பேசி வாங்கிவிட்டேன். குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்து எடுத்துப் போங்கள் என்றார்கள். காத்திருந்தேன்.

அப்பாவைப் பின்சீட்டில் ஏறச் சொன்னேன். அவர் தோள் துண்டை எடுத்து உதறி, சீட்டில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"எதுக்குப்பா துண்டு?"

"சீட்டு அழுக்காயிரும்ல."

"இது நம்ம காருப்பா."

"நம்ம காருதான். அதான் சொல்றேன்."

திருச்சுழி வரை போய்த் திரும்பினோம். அவர் கண்ணாடியை இறக்க விடவில்லை, புழுதி வந்துவிடுமாம். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு தடவை பார்த்தார்.

இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்தக் காரை விற்பது எனக்கு ஏன் பல் பிடுங்குவதுபோல இருந்தது என்று.

தள்ளு மாப்பிள்ளை

அந்தக் காருக்கு ஒரு குணம் உண்டு. தள்ளினால்தான் கிளம்பும். எந்த மெக்கானிக்காலும் அதை மாற்ற முடியவில்லை. எங்கள் தெருவில் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், தறி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள்கூடத் தறியை நிறுத்திவிட்டு வந்து கை கொடுப்பார்கள். கேட்கவே வேண்டாம்.

மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்குக் கொண்டுபோயிருந்தேன். மேளம் முன்னால் போகிறது. ரோசாப்பூ மாலையோடு மாப்பிள்ளை பின்சீட்டில். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே வண்டி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லாரும் பந்திக்கு இடம் பிடிக்க முன்னாலேயே போய்விட்டார்கள். பெண்கள் கையில் சீர்த்தட்டு. மேளக்காரர் கையில் மேளம்.

மாப்பிள்ளை என்னையே பார்த்தார். நான் ஸ்டியரிங்கையே பார்த்தேன். கடைசியில் அவரே பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினார். மாலையோடு தள்ளினார். மேளக்காரர் அதற்குத் தகுந்த மாதிரி வேகத்தைக் கூட்டினார். மண்டபத்து வாசலில் பெண் வீட்டார் ஆரத்தியோடு நிற்க, மாப்பிள்ளை காருக்குப் பின்னாலிருந்து மூச்சு வாங்க வெளிப்பட்டார்.

அவர் இன்று பேரன் எடுத்துவிட்டார். மாமியார் வீட்டில் இன்னமும் அவர் பெயர் தள்ளு மாப்பிள்ளைதான்.

கார் கீழே, நாங்கள் மேலே

அருப்புக்கோட்டையில் வீடு கட்டியபோது மனை சின்னது. மேஸ்திரி அளவு கேட்டார். நான் முதலில் கொடுத்தது காரின் நீளம், அகலம். கீழே ஷெட், மேலே சமையலறை, படுக்கையறை, குளியலறை.

"சார், குடியிருக்கப் போறது நீங்களா, காரா?" என்று கேட்டார் அவர். நான் சிரித்துவிட்டு ஷெட்டுக்குச் சிவப்புத் தரை போடச் சொன்னேன். மேலே சமையலறைக்கு வெறும் சிமெண்டு. தெருவில் நிறுத்தலாமே என்று யாராவது கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு கார் நின்றால் தண்ணி லாரி உள்ளே வராது.

இப்படியே காலம் போனது. நான் ஓய்வு பெற்றேன். பையன் வெளியூரில் வேலைக்குப் போனான். சௌந்தரத்தின் முழங்கால் தேய்ந்தது.

"டாக்டரு படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. அந்த ஷெட்ட ஒரு ரூமாக்கிட்டா நான் கீழயே கெடந்துக்கிருவேன்," என்றாள்.

"செய்வோம்," என்றேன்.

ஆடியில் கேட்டாள். ஆடி மாதம் வாகனம் கைமாறக் கூடாது என்றேன். மார்கழியில் கேட்டாள். மார்கழியில் இரும்பு வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு சாஸ்திரத்தை நானே செய்தேன். நான் வகுப்பில் ஜோசியத்தைக் கேலி செய்தவன். என் மாணவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

அவள் ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து ஏறுவாள். நடுவில் நின்று, கீழே போர்வை போர்த்தியிருக்கும் காரைப் பார்ப்பாள்.

"அது குடுத்து வச்சது," என்பாள்.

ஒருநாள் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய கார்களை வாங்கிச் சீர் செய்து, கல்யாண போட்டோ எடுக்க வாடகைக்கு விடுகிறவர். தேங்காய் வாங்குவதுபோல விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"பெயிண்ட் பழசுதானுங்களா சார்?"

"பழசுதான்."

"ஒரு வார்த்தை சொல்லுங்க சார். லாரிய அனுப்பி ஏத்திக்கறனுங்க."

அன்றிலிருந்து தினமும் காலையில் என் போனுக்கு ரோஜாப் படத்தோடு வணக்கம் அனுப்ப ஆரம்பித்தார். படத்தின் அடியில் ஏதாவது ஒரு பொன்மொழி இருக்கும். 'பிரிவதும் ஒரு சுகம்' என்று ஒருநாள் வந்தது.

சாக்குகள் தீர்ந்துபோயின. அப்போதுதான் சொன்னேன். "சௌந்தரம், நாமளா முடிவு பண்ண வேணாம். அய்யனாருக்குப் பூக்கட்டிப் பாப்போம்."

அவள் கை முறத்தில் நின்றது. "கோயில் பக்கமே திரும்பாத மனுசன், பூக்கட்டணுமா?"

"நானே கட்டுறேன்," என்றேன்.

"கட்டுங்க," என்றாள்.

அதன் முடிவைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

குடிபோன கதை

கோயிலிலிருந்து திரும்பிய மறுநாள் காலை எழுந்தால் சமையலறையில் காப்பி வாசனை இல்லை. அடுப்பும் இல்லை. இறங்கிப் பார்த்தேன்.

ஷெட்டில், காருக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில், கயிற்றுக் கட்டில் கிடந்தது. காரின் எஞ்சின் மூடியில் வத்தல் காய்ந்தது. பின்சீட்டில் அரிசி மூட்டை. முன்கண்ணாடிக்கு அடியில் அஞ்சறைப் பெட்டி, காப்பித்தூள், மாத்திரை டப்பா. ஒரு பக்கத்துக் கதவு திறந்திருந்தது. அதில் ஈரத் துணி தொங்கியது. சௌந்தரம் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பங்கஜம்தான் சாமான் இறக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"என்ன இது?"

"விக்க வேணாம்னுதான சாமி சொல்லுச்சு. கீழ இருக்க வேணாம்னு சொல்லலையே."

பங்கஜம் நெசவுக்காரக் குடும்பம். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். ஆனால் கேலி செய்யும்போது இரண்டு மொழியிலும் செய்வாள். வீட்டுப் பக்கம் திரும்பித் தெலுங்கில் ஏதோ சொன்னாள். உள்ளேயிருந்து நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சார். அக்கா கார் வீட்டுக்குக் குடிபோயிட்டாக, பால் காய்ச்சியாச்சுன்னேன்."

பின்கட்டில் குழாயும் கழிப்பறையும் இருந்தன. சௌந்தரத்துக்கு மேலே வர வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஆனால் எனக்கு இருந்தது. என் புத்தகம், கட்டில், குளியலறை, மின்விசிறி எல்லாம் மேலே. காப்பி கீழே. பலகாரம் கீழே. செய்தித்தாள் கீழே. கண்ணாடியை மேலே வைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குக் கீழே வருவேன். கண்ணாடிக்கு மேலே போவேன். அதற்குள் காப்பி ஆறிவிடும்.

ஒரு வாரத்துக்குள் என் இடது முழங்கால் 'கடக்' என்றது. அடுத்த வாரம் வலது காலும் சேர்ந்துகொண்டது. பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து கீழே பார்த்தால் கார் தெரிந்தது. அவள் வழக்கமாக நின்று பார்க்கும் இடம் அதுதான் என்பது அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருடமும் அந்தப் படியில் நின்றுதான் அவள் என்னிடம் பேசியிருக்கிறாள். நான் மேலேயிருந்து, "என்ன, வாரியா இல்லையா?" என்று கேட்டிருக்கிறேன்.

இறங்கிப் போனேன். அவள் கார் டிக்கியிலிருந்து சின்ன வெங்காயம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சௌந்தரம், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புதான் கட்டுனேன்."

"தெரியும்," என்றாள். வெங்காயத்தைப் பார்த்தபடியே.

"எப்படித் தெரியும்?"

"வெள்ளைப் பூவுக்கு நம்ம வீட்டு நந்தியாவட்டையத்தான பறிக்கணும். கோயிலுக்குக் கெளம்பும்போது பாத்தேன். செடி நெறயப் பூவா நிக்கிது. ஒண்ணுகூடக் கொறையல. அரளிதான் மொட்டையா நின்னுச்சு."

"தெரிஞ்சுமா வந்த?"

"அப்பறம்? தெருவுல வச்சு உங்க மானத்த வாங்கவா? ரெண்டும் செவப்பா இருந்தாலும் அய்யனாரு பாத்து ஒண்ண வெள்ளையா மாத்திக் குடுப்பாரான்னு பாத்தேன். அவரும் உங்க பக்கந்தான்."

அவள் கை இடமும் வலமும் போய்வந்தது ஞாபகம் வந்தது. "அப்ப ஏன் அவ்வளவு நேரம் யோசிச்ச?"

"நீங்க வேர்க்குறதப் பாக்கணும்ல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெங்காயத்தை உரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்க அப்பா ஏறுன காருன்னு எனக்குத் தெரியாதா? அவுக துண்டு விரிச்சதச் சொல்லிச் சொல்லி என்கிட்டயே எத்தன தடவ அழுதிருக்கீக. நான் ஏறுற படிதான் உங்களுக்குத் தெரியல."

 

வேளாரின் தீர்ப்பு

கோயம்புத்தூர்க்காரரைக் கூப்பிடுகிறேன் என்று போனை எடுத்தேன். சௌந்தரம் தடுத்தாள்.

"விக்க முடியாது. அய்யா முன்னாடி வாக்கு வந்துருச்சு."

"அது நான் வர வச்சதும்மா."

"யாரு வர வச்சா என்ன? வந்துருச்சுல்ல."

இப்படியொரு பொறியில் நான் மாட்டுவேன் என்று நினைக்கவில்லை. விற்க மாட்டேன் என்று திருட்டுத்தனம் செய்தேன். இப்போது விற்கிறேன் என்கிறேன், என் திருட்டு என்னையே விடமாட்டேன் என்கிறது. இருவரும் மறுபடி கண்மாய்க் கரைக்குப் போனோம். காரில்தான். அரிசி மூட்டையை இறக்கிவிட்டு, தெருவே சேர்ந்து தள்ளிவிட்டது.

வேளார் குதிரைக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலுக்கு மண்குதிரை செய்வதும் அவர்தான், பூசை செய்வதும் அவர்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மிதிப்பதை நிறுத்தினார்.

"ரெண்டும் செவப்பா?"

"ரெண்டும்."

"எங்க தாத்தா காலத்துலருந்து இங்க பூப் போடுறாக. களவாணிப் பய வந்திருக்கான், கொலகாரன் வந்திருக்கான். ஒருத்தனுக்கும் இது தோணல. படிச்சவுகளுக்குத்தான் தோணிருக்கு."

"இப்ப ஒழுங்காக் கட்டி மறுபடி கேப்பமா?"

"பரிச்சைன்னா பெயிலானவன் மறுபடி எழுதலாம். இங்க அந்தப் பழக்கம் கெடையாது. விக்கக் கூடாதுன்னா விக்கக் கூடாது."

சௌந்தரம் தலையை ஆட்டினாள். காரின் கதவைத் திறந்து, கால்களை வெளியே நீட்டி, சீட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளால் தரையில் உட்கார முடியாது.

"அப்ப இத நான் எங்கதான் கொண்டுபோய் நிறுத்த?" என்றேன்.

வேளார் வரிசையாக நின்ற குதிரைகளைப் பார்த்தார். ஒன்றுக்கு மூக்கு இல்லை. ஒன்றுக்கு முன்னங்கால் இல்லை. இன்னொன்றின் வயிற்றுக்குள்ளே சீமைக்கருவேல் முளைத்து முதுகு வழியாக வந்திருந்தது.

"அய்யாவுக்கும் வாகனமெல்லாம் பழசாயிருச்சு," என்றார் மெதுவாக.

சௌந்தரம் சொன்னாள். "கோயிலுக்கு மாடு நேந்து விடுறதில்லையா? அப்படி விட்ருவோம். விக்கலையே. விடத்தான செய்றோம்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் காரைப் பார்க்கவில்லை. சௌந்தரத்தின் காலைப் பார்த்தேன். வீங்கிய முழங்காலுக்குக் கீழே, மண்ணைத் தொட்டும் தொடாமலும் இருந்த பாதங்களைப் பார்த்தேன். சாவியை எடுத்து வேளாரிடம் நீட்டினேன். அவர் கையில் சேறு. சாவியை அய்யனார் காலடியில் வைக்கச் சொன்னார்.

சாலையிலிருந்து குதிரைகள் வரிசைக்கு ஒரு சிறு மணல் மேடு. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் காரைத் தள்ளத்தான் வேண்டும். வேளாரும் நானும் பின்னால் நின்று தள்ள, ஸ்டியரிங்கைப் பிடிக்க ஆள் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாகச் சௌந்தரம் ஓட்டுநர் இருக்கைக்கு நகர்ந்தாள்.

"நேராப் பிடி," என்று கத்தினேன்.

"நேராத்தான் புடிச்சிருக்கேன். நீங்க நேராத் தள்ளுங்க."

மேட்டில் என் இரண்டு முழங்காலும் சேர்ந்து 'கடக்' என்றன. மூக்கில்லாத குதிரைக்கும் காலில்லாத குதிரைக்கும் நடுவே கார் போய் நின்றது. சௌந்தரம் ஒருமுறை ஹாரனை அழுத்திப் பார்த்தாள். கண்மாய்க்குள் மேய்ந்த ஆடுகள் எல்லாம் தலை தூக்கின.

ஷேர் ஆட்டோவில் வீடு வந்தோம். வழியெல்லாம் அவள் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் ஒரு பையை மடியில் வைத்திருந்தேன். அதில் காரிலிருந்து எடுத்த மிச்சம்: மாத்திரை டப்பா, அரைப் படி வெங்காயம்.

புதுப் பழக்கம்

கோயம்புத்தூர்க்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். "வித்துட்டீங்களா சார்?"

"இல்லைங்க."

"அப்ப காரு எங்கீங்க?"

"அய்யனாரு வச்சிருக்காரு."

"யாருங்க அது, மதுரைப் பார்ட்டிங்களா?"

விளக்கிச் சொன்னேன். மறுநாளிலிருந்து ரோஜாப் படம் வரவில்லை.

ஷெட் அறையாகிவிட்டது. மேஸ்திரி அதே மேஸ்திரிதான், இப்போது அவருக்கும் முழங்கால் வலி. இரண்டு கட்டில் போட்டிருக்கிறோம். சிவப்புத் தரையில் எஞ்சின் எண்ணெய்க் கறை மட்டும் போகவில்லை. அதன்மேல்தான் என் கட்டில் கிடக்கிறது. அந்த இடத்தை எனக்கு ஒதுக்கியது சௌந்தரம்.

சில வாரங்களுக்கு முன் கோயிலுக்குப் போயிருந்தோம். காரின் நெற்றியில் யாரோ சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கண்ணாடியில் எலுமிச்சை மாலை. பின்சீட்டில் வேளார் மதியத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார். அடியில் அழுக்குத் துண்டு ஒன்று விரித்திருந்தது.

"துண்டு எதுக்கு வேளாரே?" என்று கேட்டேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். "சீட்டு அழுக்காயிரும்ல. அய்யா வண்டியில்லையா?"

நான் கண்மாய்ப் பக்கம் திரும்பிச் சற்று நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குள் ஓர் இளந்தம்பதி பூவும் இலையுமாக வந்துவிட்டார்கள். ஊரில் இருக்கும் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போவதா வேண்டாமா என்று கேட்க வந்தவர்கள். அந்தப் பையன் பொட்டலம் மடிக்கப் போனான்.

"இருப்பா. ரெண்டு பூவையும் கார் மூடி மேல வையி. எல்லாரும் பாக்கட்டும். நான் மடிச்சுக்கிறேன்," என்றார் வேளார்.

"இது என்ன சாமி புதுப் பழக்கம்?"

வேளார் என் பக்கம் திரும்பவே இல்லை. இலையை உதறிக்கொண்டே சொன்னார்: "முன்னெல்லாம் இங்க படிச்சவுக வரமாட்டாக. தேவைப்படல."

சௌந்தரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். நான் குனிந்து டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தேன்.